பக்கம் திருப்ப ஆள் வேண்டாம்

போன வருஷம் என் மனைவியின் வாசிப்பைக் கெடுத்தவன் நான்தான். இதைச் சுற்றி வளைத்துச் சொல்வதில் ஒரு பிரயோஜனமும் இல்லை. எங்கள் சுற்றுவட்டாரக் கிறிஸ்தவச் சபைகளின் பாடகர் குழுக்கள் வருஷத்துக்கு ஒரு தடவை தாராபுரத்தில் ஒரு மண்டபத்தில் கூடிப் பாடும். எங்கள் சபைக்கு அவள்தான் கீபோர்டு. எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆனாலும் பக்கத்தில் நின்று தாள் திருப்பும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன், மேடையில் நிற்கலாமே என்ற ஆசையில்.

"நான் தலையை ஆட்டினதும் திருப்புங்க" என்று சொல்லியிருந்தாள். அவள் தாளத்துக்கும் தலையை ஆட்டுவாள் என்பது எனக்கு எங்கே தெரியும்? பாட்டு பாதியில் போகும்போது ஒரு ஆட்டு ஆட்டினாள். நான் படக்கென்று திருப்பினேன். வந்தது இரண்டு தாள். பாடகர்கள் ஒரு இடத்தில் இருந்தார்கள், தாள் வேறொரு இடத்தில் இருந்தது, அவள் கை நின்றுவிட்டது, என்னை நிமிர்ந்து பார்த்தாள். இருபத்தைந்து பேர் கொஞ்ச தூரம் துணையில்லாமல் இழுத்துப் பார்த்துவிட்டு அவர்களும் நின்றார்கள். பிறகு முதலிலிருந்து தொடங்கிப் பாடி முடித்தோம். கை தட்டினார்கள். பாவம் என்று தட்டும் கைதட்டல் எப்படி இருக்கும் என்பதை அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்து அவள் என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. திட்டவில்லை. கீபோர்டுக்கு உறை போட்டு மூடினாள். அதன் மேல் தேய்த்த துணிகளை அடுக்கி வைத்தாள். யாராவது கேட்டால் "கை வலிக்கி" என்றாள். அவள் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் செக்ஷனில் வேலை பார்க்கிறாள். காலையிலிருந்து மேஜை முன்னால் நின்றுகொண்டு, துணியில் ஓட்டை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று பார்க்கும் வேலை. வீட்டுக்கு வந்தால் அடுப்படியிலும் நிற்பாள். வாரத்தில் அவள் உட்கார்ந்து செய்த ஒரே காரியம் அந்த வாசிப்புதான். அதையும் நான் பிடுங்கிவிட்டேன். மண்ணரை என்ற பகுதியில் எங்கள் வீடு ஒற்றை அறை. அந்தத் துணி அடுக்கைப் பார்க்காமல் அங்கே ஒரு பக்கமும் திரும்ப முடியாது.

இந்த வருஷம் பாடகர் குழுத் தலைவர் வீட்டுக்கே வந்துவிட்டார். பள்ளிக்கூட வாத்தியார், ராயபுரத்துக்காரர், மென்மையாகப் பேசுகிற மனிதர். அதே பாட்டை அதே மண்டபத்தில் பாடப் போகிறோம், நீதானம்மா வாசிக்க வேண்டும் என்றார்.

அவள் சொன்னாள்: "வாசிக்கேன் சார். ஆனா பக்கத்துல ஆள் நிக்கக் கூடாது. நானே திருப்பணும். அப்படி ஒரு புஸ்தகம் இருந்தா வாசிக்கேன். இல்லன்னா என்னை விட்டுருங்க, இனிமே கேக்கவும் வேண்டாம்."

வாத்தியார் பழைய தாள்களை எடுத்துப் பார்த்தார். நகலுக்கு நகல் எடுத்த பதினான்கு தாள். ஐந்து கோட்டில் சுரங்கள், கீழே யாரோ கையால் எழுதிய தமிழ் வரிகள். ஒவ்வொரு தாளும் அவளுடைய இரண்டு கையும் ஓடிக்கொண்டிருக்கும் இடத்தில்தான் முடிந்தது. "இதை வெச்சுக்கிட்டு எப்படிங்கம்மா முடியும்?" என்றார். இல்லையென்றால் கோயம்புத்தூரிலிருந்து ஒருவரைக் கூப்பிடலாம் என்று மெதுவாகச் சொன்னார். அவள் சரியென்று தலையை ஆட்டினாள். அந்தத் தலையாட்டல் எனக்குத் தெளிவாகப் புரிந்தது.

"நான் கம்ப்யூட்டர்ல அடிச்சுத் தாரேன்" என்றேன். இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வாத்தியார் மரியாதைக்காரர், சிரிக்கவில்லை.

என் தைரியத்துக்குக் காரணம் என் தொழில். நானும் ஒரு பனியன் கம்பெனியில்தான், மார்க்கர் போடுகிறவன். ஒரு பனியனுக்கு முன்பக்கம், பின்பக்கம், கை, கழுத்துப் பட்டி என்று பல துண்டுகள் வெட்ட வேண்டும். துணியின் அகலத்துக்குள் அந்தத் துண்டுகளை எப்படி நெருக்கி அடுக்கினால் துணி வீணாகாது என்று கம்ப்யூட்டரில் அடுக்கிக் கொடுப்பதுதான் மார்க்கர். தெற்கேயிருந்து இந்த ஊருக்குப் பிழைக்க வந்து, பதினெட்டு வருஷமாக இதைத்தான் செய்கிறேன். ஒரு விரல் இடம் சும்மா கிடந்தாலும் எனக்கு மனசு ஒப்பாது. ஐந்து கோட்டில் நாலு சுரத்தை அடுக்குவது என்ன பெரிய காரியம் என்று நினைத்தேன்.

இலவசமாகக் கிடைக்கும் ஒரு சுர மென்பொருளை இறக்கிக்கொண்டேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கம்பெனியிலும், ஞாயிறு மத்தியானம் வீட்டில் மடிக்கணினியிலும் அடித்தேன். எனக்கு சுரம் தெரியாது, வடிவம் தெரியும். கறுப்புத் தலை, வெள்ளைத் தலை, ஒற்றைக் கொடி, இரட்டைக் கொடி என்று பார்த்துப் பார்த்து வைத்தேன். மென்பொருளே அதை வாசித்தும் காட்டும். அவள் சமைத்துக்கொண்டே கேட்பாள். "அது தப்பு. ஒரு படி கீழ." நான் ஒரு படி இறக்குவேன். "இப்ப சரி." மூன்று வாரத்தில் பாட்டு முழுவதும் உள்ளே போய்விட்டது.

அதற்கப்புறம் என் கைவரிசையைக் காட்டினேன். ஓரத்தில் விட்டிருந்த வெள்ளையை வழித்து எடுத்தேன். கோடுகளின் அளவைச் சுருக்கினேன். வரிக்கும் வரிக்கும் நடுவே இருந்த இடைவெளியை நசுக்கினேன். இரண்டு குத்துக்கோட்டுக்கு நடுவே இருக்கும் கட்டத்தை அவர்கள் பார் என்பார்கள். ஒரு வரிக்கு நான்கு பார் இருந்ததை எட்டாக்கினேன். எங்கள் மார்க்கர் மென்பொருளில் துணி எவ்வளவு மிச்சம் என்று மூலையில் ஒரு கணக்கு காட்டும். இதில் அப்படி ஒன்று இல்லையே என்று எனக்கு ஒரே குறை. பதினான்கு தாள் ஐந்து தாளாகிவிட்டது. அச்சடித்துக் கொண்டுபோய் அவள் முன்னால் மேஜையில் வைத்தபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அவள் தாளைக் கை தூரத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தாள்.

"என்னங்க, எறும்பு ஊருத மாதிரி இருக்கு."

"பதினாலை அஞ்சாக்கியிருக்கேன்ளா. நல்லதா ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"துணி மிச்சம் பிடிக்க மாதிரியே பிடிச்சிருக்கீய. இதுல நான் கையை எங்க எடுக்க?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வாசித்துப் பார்க்காமலே குறை சொல்கிறாய் என்று கத்தினேன். அவள் கீபோர்டு மேல் இருந்த துணிகளை இறக்கி வைத்து, உறையை எடுத்து, உட்கார்ந்தாள். ஒரு வருஷத்துக்கு அப்புறம் உட்கார்கிறாள் என்பதுகூட அந்தக் கோபத்தில் எனக்கு உறைக்கவில்லை. வாசித்தாள். முதல் பக்கம் முடிகிற இடத்தில் அவளுடைய பத்து விரலும் வேலையில் இருந்தன. நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். தாராபுரத்தில் பார்த்த அதே பார்வை. துணிகளை மறுபடியும் மேலே அடுக்கினாள். நான் தாள்களைச் சுருட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

மறுநாள் கம்பெனியில் எங்கள் கட்டிங் மாஸ்டர் என்னைத் தேடி வந்தார். இந்த ஊர்க்காரர், எனக்கு மூத்தவர், வாய் கொஞ்சம் நீளம். முந்தின நாள் நான் போட்டுக் கொடுத்த மார்க்கரைக் கையில் பிடித்திருந்தார்.

"ஏனுங்க, இதென்ன மார்க்கருங்க? துண்டும் துண்டும் ஒட்டிட்டுக் கெடக்குது. கத்தி போறதுக்கு எடம் உட வேண்டாமுங்களா? கைக்குழி வளைவுல கத்திய எப்படித் திருப்பறதுங்க?"

"துணி மிச்சமாகுதுங்க மாஸ்டர்."

"மிச்சமாகுது, ஆகுது. வெட்டறதுக்குள்ள நாலு துண்டு நாசமாப் போச்சுங்க. கத்தி திரும்பற எடம் வேஸ்ட் இல்லீங்க."

வேறு நாளாக இருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். அன்றைக்குத் தோன்றவில்லை. நான் சுருட்டி வைத்திருந்த பாட்டுத் தாளை அவர் பார்த்துவிட்டார். என்ன இது என்று கேட்டார், விஷயத்தைச் சொன்னேன். "தாளைத் திருப்பறதுதான் பிரச்சினைனா பேசாம நம்ம பிளாட்டர்ல ஒரே ஷீட்டா அடிச்சுப் போடுங்க. பத்தடி நீளம் வரும். அம்மணி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் நடந்துட்டே வாசிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துக்கொண்டு போனார். அவர் போன பிறகு அந்த மார்க்கரைத் திறந்தேன். கை பொருத்துகிற கைக்குழி வளைவுக்குப் பக்கத்தில் கத்திக்கு இடம் விட்டேன். விட்டுக்கொண்டிருக்கும்போதே வீட்டில் நான் செய்த முட்டாள்தனம் எனக்குப் புரிந்துவிட்டது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அவளிடம் கேட்டேன். "உன் கை எங்க எல்லாம் சும்மா இருக்கும்?"

இந்தக் கேள்வியை நான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். அவள் சாப்பாட்டு மேஜையிலேயே விரலால் வாசித்துக் காட்டினாள், வாய்க்குள் பாடிக்கொண்டே. பாட்டு முழுவதிலும் மூன்றே இடம். தொடக்க இசை முடிந்து ஆண்கள் மட்டும் பாடத் தொடங்கும் இடத்தில் கீபோர்டுக்குக் கொஞ்சம் ஓய்வு. நடுவில் ஓரிடத்தில் இடது கை ஒரே சுரத்தை நீளமாகப் பிடித்திருக்கும், வலது கை சும்மா இருக்கும். பாட்டு முடிவதற்குச் சற்று முன்னால் நான்கு பார் முழுக்கக் கீபோர்டே கிடையாது, எல்லாரும் குரலால் மட்டும் பாடுவார்கள். மூன்றையும் குறித்துக்கொண்டேன்.

அப்புறம் தாளைப் பற்றி யோசித்தேன். புத்தகத்தை விரித்தால் இடது பக்கம், வலது பக்கம் இரண்டும் ஒன்றாகத் தெரியும். திருப்ப வேண்டியது வலது பக்கம் முடியும்போது மட்டும். ஆகவே முதல் பக்கத்தை வெறும் அட்டையாக விட்டுவிட்டு, இடது பக்கத்தில் பாட்டைத் தொடங்கினால், மூன்றே திருப்பு. அந்த மூன்று திருப்பும் அந்த மூன்று ஓய்வில் விழ வேண்டும். சொல்லும்போது எவ்வளவு சுலபம்.

முதல் ஓய்வு வரைக்கும் சுரங்கள் குறைவு. இரண்டு பக்கத்தில் போட்டால் பொட்டல் மாதிரி வெள்ளையாகக் கிடந்தது. அந்த வெள்ளையைப் பார்த்து என் கை நமநமவென்றது. பல்லைக் கடித்துக்கொண்டு விட்டேன். அடுத்த ஓய்வு வரைக்கும் உள்ள பகுதிதான் வில்லங்கம். எப்படி அடுக்கினாலும் ஒரே ஒரு பார் இரண்டு பக்கத்தை மீறி அடுத்த பக்கத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. சுரங்களை ஒவ்வொன்றாகச் சுட்டியால் பிடித்து நகர்த்தினேன். ஒன்றை நகர்த்தினால் அடுத்த வரி ஆடியது. ஒரு ஞாயிறு மத்தியானம் முழுக்க நகர்த்தி ஒரு வழியாக உள்ளே தள்ளினேன். பிறகு ஓரத்து அளவைத் துளி மாற்றியதும் அத்தனையும் கலைந்து போனது. மடிக்கணினியைப் பார்த்து நான் பேசிய பேச்சைச் சபைக்காரன் ஒருவன் பேசக் கூடாது.

தமிழ் வரிகளும் சேர்ந்து படுத்தின. குட்டிக் குட்டி சுரங்களுக்குக் கீழே 'கிருபையினாலே' என்று ஒரு சொல் வந்தால், அந்த எழுத்துகளின் அகலத்துக்குச் சுரங்கள் விலகி விலகி நின்றன. பார் வீங்கிப் போனது. எழுத்தின் அளவை அரைப் புள்ளி குறைத்தேன். கொஞ்சம் வற்றியது. ஆனாலும் அந்த ஒற்றை பார் உள்ளே வரவில்லை. ஒரு வாரம் அது என்னை அலைய விட்டது. பேருந்தில் போகும்போதுகூட மனசு அதையே அடுக்கிக்கொண்டிருந்தது.

வழி அவள் வாயிலிருந்தே வந்தது. திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "ஆம்பளையாளு மட்டும் பாடுத இடத்துல பொம்பளையாளு கோடு எதுக்குங்க காலியா ஓடுது?" என்று கேட்டாள். பாடாதவர்களின் கோடுகளை மறைத்து வைக்க அந்த மென்பொருளில் ஒரு வசதி இருந்தது. அமுக்கினேன். இரண்டு வரிகளின் உயரம் சட்டென்று குறைந்தது. கீழே இருந்தது எல்லாம் மேலே ஏறியது. அந்த ஒற்றை பார் அடுத்த பக்கத்திலிருந்து வந்து வலது பக்கத்தின் கடைசி மூலையில் அடக்கமாக உட்கார்ந்தது. நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். பதினெட்டு வருஷத்தில் எந்த மார்க்கரும் எனக்கு அந்தச் சந்தோஷத்தைக் கொடுத்ததில்லை.

அவளுக்கு ஒரு திருத்தம் மட்டும் இருந்தது. வாசித்துப் பார்த்துவிட்டு, "திருப்ப நேரம் இருக்கு. திருப்பின கை திரும்பி வர நேரமில்ல" என்றாள். ஓய்வு முழுவதையும் பக்கத்தின் கடைசியில் வைத்திருந்தேன். திருப்பியதும் எடுத்த எடுப்பிலேயே வாசிக்க வேண்டிய சுரம் வந்து நின்றது. மூன்று இடத்திலும் ஓய்வைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதியை அடுத்த பக்கத்தின் தொடக்கத்துக்குத் தள்ளினேன். கடைசி ஓய்வின் நான்கு பாரில் இரண்டு இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம். அவளுக்கு அவ்வளவு தேவையில்லை. இருக்கட்டும் என்று வைத்தேன். தாராளமாக வைத்தேன்.

ராயபுரத்தில் ஒரு கடையில் கனமான தாளில் அச்சடித்து, தட்டையாக விரியும்படி கம்பிச் சுருள் போடக் கொடுத்தேன். கடைக்காரத் தம்பி தயங்கினார். "அண்ணே, கடைசிப் பக்கம் பாதிக்கு மேல காலியா வருதுங்க. ரெண்டாவது பக்கமும் கலகலன்னு கெடக்குது. ஏதோ மிஸ்டேக்குங்களா?"

"இல்லீங்க தம்பி. அது அப்படித்தான் வரணும்" என்றேன். காலி இடத்துக்கு வக்காலத்து வாங்குகிற ஆளாக நான் மாறிவிட்டதை என் கம்பெனியில் யாரும் நம்பமாட்டார்கள்.

தாராபுரம் மண்டபத்தில் நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன். கை இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். மேடையில் கீபோர்டுக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. போன வருஷத்தை நினைவு வைத்திருந்த யாரோ பின்னால் முணுமுணுத்தார்கள், "பக்கத்துல ஆளையே காணோமே" என்று. புத்தகம் கவிழ்ந்தாலும் சரி, தாள் ஒட்டிக்கொண்டாலும் சரி, அதற்குப் பிறகு அவள் அந்தக் கீபோர்டைத் திறக்கவே மாட்டாள். இது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

வாத்தியார் கையைத் தூக்கினார். தொடக்க இசை வந்தது. ஆண்கள் எடுத்தார்கள். அவள் வலது கை அவசரமில்லாமல் எழுந்து, தாளைத் திருப்பி, திரும்பி வந்து காத்திருந்து, பிறகு வாசித்தது. ஒன்று முடிந்தது. அடுத்தது அந்த நெரிசலான இரண்டு பக்கம். நான் சுரத்தைக் கேட்கவில்லை, பாரை எண்ணிக்கொண்டிருந்தேன். எனக்கு ஒரு வாரத் தூக்கத்தைக் கெடுத்த பார் வந்தது, போனது. இடது கை சுரத்தைப் பிடித்திருக்க, வலது கை திருப்பியது. போன வருஷம் நின்றுபோன இடம் இதற்கு அப்புறம்தான். அதையும் தாண்டிவிட்டாள். அவள் தாண்டியதை மண்டபத்தில் யாரும் கவனிக்கவில்லை. கவனிக்கும்படி எதுவும் நடக்காமல் இருக்கத்தான் நான் இத்தனை நாள் பாடுபட்டேன்.

கடைசியில் கீபோர்டு ஓய்ந்தது. இருபத்தைந்து குரலும் துணையில்லாமல் எழுந்தன. இந்தத் தடவை தடுமாறி அல்ல, எழுதி வைத்தபடி. அவள் முதல் பாரிலேயே தாளைத் திருப்பிவிட்டாள். இன்னும் மூன்று பார் மிச்சம். கைக்கு வேலையில்லை, கண்ணுக்கும் வேலையில்லை. அவள் நிமிர்ந்து பாடகர்களைப் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்து அவர்களோடு சேர்ந்து பாடினாள்.

ஒத்திகையில் ஒருநாளும் அவள் பாடியதில்லை. வாசிக்கிறவளுக்குப் பாட நேரம் ஏது? மூன்று பார் பாடிவிட்டு, குனிந்து, கடைசி வரிகளை வாசித்து முடித்தாள். மண்டபம் தட்டிய தட்டு எனக்குக் காதில் விழுந்தது. பாவத்துக்குத் தட்டியது இல்லை அது. வாத்தியார் அவள் பக்கம் கையை நீட்டிக் காட்டினார், அவள் எழுந்து நின்றாள். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வேற்றுச் சபைக்காரர் என்னைப் பார்த்து, "ஏனுங்க அழுகறீங்க?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லத் தோன்றவில்லை. "என் ஊட்டுக்காரிங்க" என்றேன். பதினெட்டு வருஷத்தில் இந்த ஊர்ப் பேச்சு எனக்கு அன்றைக்குத்தான் சரியாக வாயில் வந்தது.

இறங்கி நேராக என்னிடம் வந்தாள். முகம் வேர்த்திருந்தது.

"கடைசில எனக்கு நேரம் மிச்சம் இருந்துச்சுங்க. சும்மா இருக்க முடியல. பாடிட்டேன். தப்பில்லையே?"

"தப்பில்ல. கேட்டேன்."

"அத்தனை பேர் பாடும்போது என் குரல் உங்களுக்குக் கேட்டுச்சாக்கும்?"

"கேட்டுச்சு" என்றேன். சத்தியமாகக் கேட்டது.